தாளிக்காத புதன்கிழமைகள்

லுங்கியை மடித்துக் கட்டிய ஓர் ஆள், புகைகிற வாணலியைத் துணியால் பிடித்துக்கொண்டு, காலி மனைகளைத் தாண்டி ஏரிக்கரைப் பக்கமாகத் தலைதெறிக்க ஓடினார். அவருக்குப் பின்னால் எங்கள் காம்பவுண்டு நாய்கள் ஓடின. நாய்களுக்குப் பின்னால், கையில் ஈரச் சாக்கோடு சரசக்கா ஓடினார்.

வாணலியில் இருந்தது கருவாடு.

“ஓடு சுடலை, நிக்காத! காத்து வூட்டாண்ட அடிக்குது!” என்று சரசக்கா கத்தினார்.

“ஓடிக்கிட்டுதாம்க்கா இருக்கேன்! கை சுடுதுல்லா!” என்று திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னார் சுடலை.

பொழுது விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. ஒரகடத்தில் அந்த நேரத்துக்கு ரோடு முழுக்கக் கம்பெனி பஸ்கள். ஜன்னலோரம் தூங்கி வழிந்துகொண்டிருந்த ஷிஃப்ட் ஆட்கள் எழுந்து உட்கார்ந்து இந்த ஊர்வலத்தைப் பார்த்தார்கள். ஒரு பஸ் நின்றே விட்டது.

நான் வாசலில் என் மகள் பிளெஸ்ஸியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நியாயமாகப் பார்த்தால் அது சிரிக்க வேண்டிய காலையே இல்லை. அன்று அவளுக்கு முதுகுத்தண்டில் ஊசி. அதுவரைக்கும் வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும். ஒரு வாய் உள்ளே போனாலும் ஊசி ரத்து. ஏற்கெனவே ஒரு தடவை ரத்தாகியிருந்தது. இன்னொரு தடவை தள்ளிப்போகவே கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

“ம்மா... கருவாடு,” என்றாள் பிளெஸ்ஸி, மாஸ்க்குக்குள்ளிருந்து. கண்ணை மூடிக்கொண்டு, ஜெபம் பண்ணுகிற மாதிரி சொன்னாள்.

பசி என்றால் இந்தப் பசி

பிளெஸ்ஸிக்கு அப்போது நான்கு வயது. ரத்தப் புற்றுநோய். இந்தத் தொடருக்குப் புதிதாக வந்தவர்கள் பதற வேண்டாம். இப்போது அவள் ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். நான் இதை எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து பென்சிலைக் கடித்தபடி, “என்னைப் பத்தி நல்லதா எழுது, அப்பாவப் பத்தி எப்படி வேணா எழுது” என்று உத்தரவு போட்டுக்கொண்டிருக்கிறாள்.

நானும் என் வீட்டுக்காரர் டேவிட்டும் இந்தப் பக்கத்துக் கம்பெனி ஆட்கள்தான். அவர் கார் கம்பெனியில். நான் காருக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டுக் கட்டாகச் சேர்க்கிற கம்பெனியில் செக்கிங்கில் இருந்தேன். எந்த ஒயர் விட்டுப்போயிருக்கிறது என்று தேடித் தேடி எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்திருந்தது. எதைப் பார்த்தாலும் முதலில் குறைதான் கண்ணில் படும். குழந்தைக்கு வைத்தியம் ஆரம்பித்ததும் வேலையை விட்டேன். பழக்கம் மட்டும் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டது.

முதல் கட்ட வைத்தியத்தில் ஒரு ஸ்டீராய்டு மாத்திரை உண்டு. நோயை விரட்டிக்கொண்டே அது பசியையும் கிளப்பும் என்று டாக்டரம்மா சொன்னார். “கொஞ்சம் அதிகமா சாப்பிடுவா” என்றார். டாக்டர்களுக்குக் கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இட்லியை மென்றுகொண்டே அடுத்து என்ன என்று கேட்பாள். அடுத்தது வந்ததும் அதற்கடுத்து என்ன என்று கேட்பாள். ரசம் சாதத்தின் மேல் ஆம்லெட், ஆம்லெட்டின் மேல் தக்காளித் தொக்கு, தொக்கின் மேல் அப்பளம் என்று மாடி வீடு மாதிரி கட்டச் சொல்வாள். கன்னம் இரண்டும் உப்பி, முடி கொட்டி, கழுத்து எங்கே என்று தேட வேண்டிய நிலையில் இருந்தாள். அந்தக் கோலத்தில் அவளைப் பார்த்தால் அழத்தான் வேண்டும். அவள் வாயைத் திறந்தால் அழ முடியாது.

ஒருநாள் படுக்கப் போகுமுன் முழங்கால் போட்டு ஜெபித்தாள். “இயேசப்பா, நாளைக்குப் பூரி. கெழங்கு நிறைய. ஆமென்.”

டேவிட் என் காதருகே வந்து, “இதுக்கு நானும் ஆமென் சொல்லணுமா எஸ்தரு?” என்று கேட்டார்.

இந்தக் குழந்தையிடம்தான் புதன்கிழமை காலையில் எதுவும் சாப்பிடக்கூடாது என்று சொல்ல வேண்டும்.

பன் கேஸ்

ரத்தான ஊசியின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

முதுகில் ஊசி போடும்போது குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுப்பார்கள். மயக்கத்தில் இருக்கும்போது வயிற்றில் சாப்பாடு இருந்தால் வாந்தி வந்து மூச்சுக்குழாயில் போய்விடலாம். அதனால்தான் வெறும் வயிறு. டாக்டரம்மா இதை எனக்கு விளக்கமாகச் சொன்னார். டேவிட் அன்று நைட் ஷிஃப்டில் இருந்ததால், நான் அவருக்கு வாய்ஸ் மெசேஜில் அதைவிட விளக்கமாகச் சொன்னேன். நடுவில் கொஞ்சம் அழுதும் காட்டியிருந்தேன்.

அவர்கள் கம்பெனியில் லைனுக்குப் போகுமுன் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். ஷிஃப்ட் முடிந்ததும் போனை எடுத்தவர் அதைப் பார்க்காமலே பஸ் ஏறித் தூங்கிவிட்டார். வீட்டுக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து பன்னை எடுத்தார்.

நைட் ஷிஃப்ட் கேன்டீனில் ஒரு பன் தருவார்கள். மேலே சிவப்பும் பச்சையுமாக டூட்டி ஃப்ரூட்டி ஒட்டியிருக்கும். டேவிட் அதைச் சாப்பிட்டதே கிடையாது. மகளுக்கு என்று கொண்டுவந்துவிடுவார். வீடு வந்து சேர்வதற்குள் அது தட்டையாகிவிடும். தட்டைப் பன்னுக்குத்தான் ருசி அதிகம் என்பது பிளெஸ்ஸியின் கட்சி.

நான் குளித்துவிட்டு வந்தபோது அவள் அப்பா மடியில் உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் ஒரு சிவப்பு டூட்டி ஃப்ரூட்டி ஒட்டிக்கொண்டிருந்தது.

“இன்னாங்க குடுத்தீங்க?”

“பன்னு. ஏன், இன்னா ஆச்சு?”

நான் போட்ட கூச்சலில், காம்பவுண்டு வாசலில் டிபன் கடை போட்டிருக்கும் சரசக்கா கரண்டியோடு ஓடிவந்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போய், பன் சாப்பிட்டுவிட்டாள் என்று நாங்களே சொன்னோம். மறைத்திருந்தால் குழந்தைக்குத்தான் ஆபத்து. டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. “மருந்து ஒவ்வொண்ணும் அந்தந்த நேரத்துல போகணும்மா. இந்த ஒரு தடவை பரவாயில்ல. இனிமே தள்ளிப்போட நான் விரும்பல” என்றார். டேவிட் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். வெளியே வந்ததும், “இனிமே ஊசி முடியற வரைக்கும் நான் அவ பக்கத்துலயே வரமாட்டேன்” என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னால் சொன்னதுதான்.

பெட்ரோல் கம்மியான வண்டி

மறு தேதிக்குப் பட்டினியோடு ஒழுங்காகப் போனோம். அன்று வேறு மாதிரி கஷ்டம்.

அங்கே முதலில் வந்தவர்களுக்கு முதல் டோக்கன். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ரூம் எடுத்திருப்பவர்கள் முன்னாலேயே வந்துவிடுவார்கள். நாங்கள் படப்பையைத் தாண்டி, தாம்பரம் நெரிசலைத் தாண்டிப் போய்ச் சேரும்போது வரிசை நீண்டிருந்தது. வெயில் ஏறிக்கொண்டே போனது. பிளெஸ்ஸி முதலில் என் துப்பட்டாவைச் சப்பினாள். அப்புறம் சிஸ்டரின் பேனாவைக் கேட்டாள். கடைசியில் டோக்கனின் ஒரு மூலையைக் கடித்துவிட்டாள். அது சாப்பாட்டில் சேருமா என்று நான் பயந்துபோய்ச் சிஸ்டரிடம் கேட்டேன். அவர் நல்ல மனுஷி. “துப்பிட்டா இல்ல? அப்ப சேராது” என்றார்.

அன்று லீவு போட்டு வந்த டேவிட், ஹாலின் அந்தக் கோடியில் நின்றபடி வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார். கம்பெனியில் எந்த வண்டிக்குப் பின்னால் எந்த வண்டி லைனில் ஏற வேண்டும் என்று பார்ப்பதுதான் அவர் வேலை. அந்தக் கண்ணால் பார்த்திருக்கிறார்.

என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். “எஸ்தரு, இங்க சீக்வென்ஸ் தப்பா கீது. கைக்கொழந்தைங்கோ அழுதுகினு கெடக்குது, பெரிய பசங்க மொதல்ல போறாங்க. சின்னதுங்கதான் மொதல்ல போவணும்.”

எனக்கும் அது சரியென்று பட்டது. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரைப் பார்த்துப் பேசலாம் என்று முடிவெடுத்தோம். யார் என்ன பேசுவது என்று ஒத்திகையெல்லாம் பார்த்தோம். பணிவாக ஆரம்பிப்பது, குறை சொல்வது போல இல்லாமல் சொல்வது என்று எல்லாம் டேவிட்டுக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

உள்ளே போனதும் டேவிட்டுக்கு எல்லாம் மறந்துவிட்டது. “சார், டேங்க்ல பெட்ரோல் கம்மியா கீற வண்டிய மொதல்ல ஏத்தணும் சார்” என்றார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். “எந்த வண்டிம்மா? வெளிய நிக்கிற வண்டியா?”

நான்தான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சொன்னார்: “சின்னப் பசங்களை முதல்ல எடுக்கணும்னுதான் எங்களுக்கும் ஆசை. ஒரு தடவை செஞ்சு பார்த்தோம். சீக்கிரமா வந்து உட்கார்ந்தவங்க சண்டைக்கு வந்துட்டாங்க. ஹால்ல இருக்கிற அப்பா அம்மாகிட்ட நீங்களே பேசிப் பாருங்க. அவங்க ஒத்துக்கிட்டா அடுத்த வாரமே மாத்திடலாம்.”

அப்படியாகத்தான், அதுவரை நாலு பேர் நடுவில் பேசியே பழக்கமில்லாத நான், ஹாலின் நடுவே நின்று கையைத் தட்டினேன்.

“இங்க கீறவங்க எல்லாரும் கொஞ்சம் கேளுங்க” என்று ஆரம்பித்து, இனி வயசில் சின்னது முதலில் போகட்டும் என்று சொன்னேன். ஒரு அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “நான் விடியறதுக்குள்ள வந்து உக்காந்துகினு கீறேன். பொறுமையா வர்றவங்க எனக்கு முன்னாடி பூடுவாங்களா? இன்னா நியாயம் இது?”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவருடைய மகள், பத்து வயதுக்கு மேல் இருக்கும், அவர் கையைப் பிடித்து இழுத்தாள். “பரவால்லப்பா. நான் பசி தாங்குவேன். இதுங்கோ கத்தறதுதான் தாங்க முடியல.”

ஹாலே சிரித்தது. அந்த அப்பாவும் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு யாரும் சண்டை போட முடியாது.

அடுத்த வாரத்திலிருந்து புது வரிசை. யார் எப்போது என்று முந்தின நாளே தெரிந்துவிடுவதால், எந்த நேரம் வரைக்கும் வெறும் தண்ணீர் கொடுக்கலாம் என்பதையும் போனில் சொல்லிவிடுவார்கள். அது பெரிய ஆறுதலாக இருந்தது. எல்லாருக்கும் சந்தோஷம். நாங்கள் மட்டும் ஒன்றைக் கணக்கில் எடுக்கவில்லை. அந்த வாரம் வந்திருந்ததில் பாதிக்கு மேல் பிளெஸ்ஸியைவிடச் சின்னக் குழந்தைகள்.

“எஸ்தரு,” என்று மெதுவாக ஆரம்பித்தார் டேவிட், “நாம டோக்கன் முறையிலயே இருந்திருக்கலாமோ?”

சிவப்புப் பக்கெட்

ஆஸ்பத்திரி வரிசையைச் சரிசெய்தாயிற்று. வீட்டு வாசனையை என்ன செய்வது?

எங்களுடையது லைன் வீடு. ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்ட வரிசை வீடுகள், நடுவில் ஒரு குழாய், துணி காயப்போடும் கம்பம். ஒரு வீட்டில் கடுகு வெடித்தால் எல்லா வீட்டுக்கும் கேட்கும். ஒரு பக்கம் திருநெல்வேலி பேச்சிலர்கள், அதில் ஒருவர்தான் டயர் கம்பெனியில் இருக்கும் சுடலை. இன்னொரு பக்கம் ஒடிசாவிலிருந்து வந்தவர்கள், கடுகெண்ணெயில் சமைப்பார்கள். வாசலில் சரசக்காவின் வடைச் சட்டி. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் எங்கள் காம்பவுண்டு வழியாகப் போகிறவனுக்குச் சாப்பிட்டிருந்தாலும் பசிக்கும். பட்டினி கிடக்கும் பிளெஸ்ஸி அந்த வாசனையில் சுவரைப் பிறாண்டினாள். சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே பிறாண்டினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டேவிட் எல்லாரையும் குழாயடிக்குக் கூப்பிட்டார். ஷிஃப்ட் தொடங்குமுன் கம்பெனியில் நடக்கும் மீட்டிங் மாதிரி வட்டமாக நிற்கவைத்தார். புதன்கிழமை காலையில் கம்பத்தில் சிவப்புப் பக்கெட் தொங்கினால் லைன் ஸ்டாப். தாளிக்கக் கூடாது, வறுக்கக் கூடாது, பொரிக்கக் கூடாது. எங்களை ஏற்றிக்கொண்டு சரசக்கா வீட்டுக்காரரின் ஆட்டோ முக்கு திரும்பியதும் சரசக்கா பச்சைப் பக்கெட்டை மாட்டுவார். அப்புறம் அவரவர் இஷ்டம்.

சுடலை கையைத் தூக்கினார். “அவிச்சுத் திங்கலாமா?”

“தின்னலாம்.”

“வெங்காயம் மட்டும் லேசா வதக்கிக்கிடலாம்லா?”

“கூடாது.”

“அப்பளத்தச் சுட்டா?”

“யோவ் சுடலை!” என்றார் சரசக்கா.

ஒடிசாக்காரர்களுக்கு டேவிட் கைஜாடையில் விளக்கினார். கடுகு வெடிப்பதை வாயால் படபடவென்று செய்து காட்டி, கையை ஆட்டி வேண்டாம் என்றார். பட்டாசு வெடிக்கக் கூடாது என்று சொல்கிறார் என்று அவர்கள் எடுத்துக்கொண்டதாகத் தெரிந்தது. அந்த நேரத்தில் பிளெஸ்ஸி வாசலுக்கு வந்து, அவர்கள் வீட்டுப் பக்கம் மூக்கை நீட்டி நீளமாக ஒரு மூச்சு இழுத்தாள். உடனே புரிந்துவிட்டது. அதில் ஒருவர் தன் நெஞ்சில் கைவைத்துத் தலையை ஆட்டினார்.

அடுத்த புதன்கிழமை எங்கள் காம்பவுண்டில் கேட்ட சத்தம் இட்லிப் பானையில் தண்ணீர் கொதிக்கும் சத்தம் மட்டும்தான். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் சரசக்காவைப் பிடித்துக்கொண்டார்கள்.

“வட எங்கக்கா?”

“பொதங்கெழம காலைல கெடையாது.”

“இன்னா, விரதமா?”

“ஆமா, விரதந்தான்.”

“எந்த சாமிக்கு?”

“எங்க காம்பவுண்டு சாமிக்கு. நாலு வயசாவுது.”

அடுத்த வாரம் ஒருவர் எங்கள் வீட்டுப் பக்கம் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

நான் பெரிசா?

சரி, கருவாட்டுக்கு வருவோம்.

முதல் கட்டத்தின் கடைசி ஊசி அன்று. அதே மயக்கத்தில் எலும்பு மஜ்ஜையும் எடுத்துச் சோதிப்பார்கள். இத்தனை நாள் கொடுத்த மருந்து வேலை செய்ததா என்று அதில்தான் தெரியும். எனக்கு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த நாள் பார்த்துத்தான், ஷிஃப்ட் முடித்து வந்த சுடலை சிவப்புப் பக்கெட்டைக் கவனிக்காமல் வாணலியை வைத்துவிட்டார். வாசனை கிளம்பியதும் எல்லாக் கதவும் ஒரே நேரத்தில் திறந்தன. அப்புறம் நடந்ததை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

“தூக்கக் கலக்கம்லா... மன்னிச்சுக்கோங்கக்கா” என்று ஏரிக்கரையிலிருந்து திரும்பி வந்து என் முன்னால் நின்றார். கருவாடு நாய்களுக்குப் போய்விட்டது. அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு மறுபடியும் சிரிப்பு வந்தது. ஆட்டோவில் ஏறியும் நிற்கவில்லை. படப்பை வரைக்கும் பிளெஸ்ஸி “கருவாடு, கருவாடு” என்று சொல்லிக்கொண்டே வந்தாள், நான் கண்ணீர் வழியச் சிரித்துக்கொண்டே வந்தேன். அதில் எவ்வளவு சிரிப்பு, எவ்வளவு பயம் என்று எனக்கே தெரியாது.

ஆஸ்பத்திரியில் நல்ல செய்தி காத்திருந்தது. பட்டியலில் முதலில் இருந்த கைக்குழந்தை வரவில்லை, வந்தவர்களில் பிளெஸ்ஸிதான் சின்னவள். அவளுக்குத்தான் முதல் முறை. வரிசையை மாற்றியதிலிருந்து எங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் அடித்ததே இல்லை.

டேவிட்டுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். அவர் நைட் ஷிஃப்ட் முடித்து வந்து, பச்சைப் பக்கெட் ஏறியதும் சரசக்கா பொரித்துக் கொடுத்த வடையை ஹாட் பாக்ஸில் வாங்கிக்கொண்டு, சிங்கப்பெருமாள் கோவிலில் ரயில் பிடித்திருந்தார். வீட்டில் சூடாகச் செய்தது என்றால் கொடுக்கலாம் என்று டாக்டரம்மா அனுமதி தந்திருந்தார்.

“கம்பார்ட்மென்ட்டே என்ன மொறைக்குது எஸ்தரு. ஒருத்தர் வெலைக்குக் கேக்கறாரு” என்றார்.

“குடுத்துடாதீங்க.”

“உயிரே போனாலும் குடுக்க மாட்டேன்.”

வந்து ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். ஊசி முடிந்து நான் கூப்பிடும் வரை உள்ளே வரமாட்டாராம். பன் கேஸில் மாட்டியவருக்கு அதுதான் தண்டனையாம். தண்டனை கொடுத்ததும் அவரே, அனுபவிப்பதும் அவரே.

சிஸ்டர் பிளெஸ்ஸியின் பேரைக் கூப்பிடுவதற்கு வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு பெண் மூச்சு வாங்க உள்ளே ஓடிவந்தாள். தோளில் ஒரு வயதுகூட ஆகாத குழந்தை, அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது. செய்யாறு பக்கத்திலிருந்து வருகிறார்களாம். பஸ் நடுவழியில் நின்றுவிட்டதாம்.

சிஸ்டர் குழந்தையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

எனக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. யார் மேல் என்று கேட்காதீர்கள். அந்தப் பஸ் மேல், செய்யாறு மேல், பெட்ரோல் கம்மியான வண்டி என்று பேசிய டேவிட் மேல். இன்றைக்கு மட்டும் எங்களை விட்டுவிடுங்களேன் என்று கத்த வேண்டும் போல இருந்தது. பிளெஸ்ஸி விடியற்காலையிலிருந்து கருவாடு கருவாடு என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். இன்னும் எவ்வளவு நேரம் தாங்குவாள்? யாராவது ஒரு பிஸ்கட் நீட்டினால் போதும், எல்லாம் போச்சு.

பிளெஸ்ஸி என் கையை இழுத்தாள். “ம்மா, அந்தப் பாப்பா என்ன வுட சின்னதா?”

“ஆமாண்டி.”

“அப்ப நான் பெரிசா?”

அவளை யாரும் அதுவரை பெரியவள் என்று சொன்னதில்லை. காம்பவுண்டில் அவள்தான் கடைசி. சர்ச்சில் கடைசி. நோய் வந்த பிறகு எல்லாருக்கும் அவள் கைக்குழந்தை. அந்த உப்பிய முகத்தில் பெருமை ஏறுவதை நான் கண்ணால் பார்த்தேன்.

“ஆமா. நீ பெரிய பொண்ணு” என்றேன்.

“அப்ப பாப்பா போட்டும்” என்றாள், தானம் கொடுக்கிற மகாராணி மாதிரி. அந்தக் குழந்தையின் காலைத் தட்டிக் கொடுத்து, “அழாத. ஊசி போட்டா வட தருவாங்க” என்று தைரியமும் சொன்னாள்.

அந்தக் குழந்தை உள்ளே போய் வரும் வரைக்கும் பெரிய பொண்ணு வாயைத் திறக்கவில்லை. பெரியவர்கள் பசிக்குது என்று சொல்ல மாட்டார்கள் என்று அவளாகவே முடிவெடுத்திருந்தாள். வயிறு மட்டும் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தது. நடுவில் டேவிட் போன் பண்ணி, “வட ஆறிப் போவுது எஸ்தரு, இன்னா நடக்குது உள்ள?” என்றார். “உங்க ரூல்தான் நடக்குது” என்று சொல்லிக் கட் பண்ணினேன்.

பிறகு அவள் முறை வந்தது. தூங்கும் வரை நான் கூட நின்றேன். கதவு மூடியதும் எனக்கு ஒரு சிரிப்பும் மிச்சமில்லை. வெளியே நின்று, தெரிந்த ஜெபத்தையெல்லாம் பாதி பாதியாகச் சொன்னேன். எதுவும் முழுசாக ஞாபகம் வரவில்லை.

மயக்க டாக்டர்தான் முதலில் வெளியே வந்தார். “முடிஞ்சதும்மா. ஊசியும் போட்டாச்சு, மஜ்ஜையும் எடுத்தாச்சு. எல்லாம் நல்லபடியா ஆச்சு” என்றவர், போகிறபோக்கில், “வண்டியில பெட்ரோல் சுத்தமா இல்ல” என்றும் சொன்னார். சோதனை முடிவு அப்புறம் வந்தது, புற்றுநோய் அணு தெரியவில்லை என்றே வந்தது. அதற்குச் சரசக்கா செய்த அமர்க்களத்தை எழுத இந்தப் பக்கம் போதாது.

டேவிட்டுக்குப் போன் பண்ணி, “வாங்க” என்று ஒரு வார்த்தைதான் சொன்னேன். அவர் ஓடிவரும் சத்தம் காரிடாரின் அந்தக் கோடியிலிருந்தே கேட்டது.

பிளெஸ்ஸி கண்ணைத் திறக்குமுன் மூக்கு அசைந்தது. “வட,” என்றாள்.

முதலில் தண்ணீர் கொடுத்துப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் போனது. வாந்தி வரவில்லை, தண்ணீர் வயிற்றில் நின்றது. “இனிமே குடுக்கலாம்” என்றார் சிஸ்டர்.

“குடுக்கலாமா சிஸ்டர்?” என்றார் டேவிட்.

“குடுங்க.”

“நிஜமா குடுக்கலாமா?” அவர் பாக்ஸ் மூடியில் கையை வைத்தார். என்னைப் பார்த்தார். நானும் தலையாட்டினேன்.

பாக்ஸைத் திறந்தார். வார்டே எங்கள் பக்கம் திரும்பியது. பிளெஸ்ஸி முதல் வடையை எடுத்து முழுசாக வாயில் வைத்துக்கொண்டாள். பக்கத்துக் கட்டிலில் இருந்த செய்யாறு குழந்தைக்கு இரண்டாவதை நீட்டினாள். அதன் அம்மா, “பாப்பாக்கு இன்னும் சரியா பல்லு வரலம்மா” என்றதும் மிகுந்த நிம்மதியோடு அதையும் தானே தின்றாள்.

டேவிட்டும் நைட் ஷிஃப்ட் கேன்டீனுக்கு அப்புறம் ஒன்றும் சாப்பிடவில்லை. விளையாட்டாக அவள் முன்னால் வாயைத் திறந்து காட்டினார்.

“சின்னவங்கதாம்ப்பா மொதல்ல” என்றாள் பிளெஸ்ஸி. “மொதல்ல நானு. அப்புறம் அம்மா. அப்புறம் நீ.”

அவள் தின்று முடித்து, எனக்கு ஒன்று கொடுத்து, அதிலும் பாதியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, கடைசியில் அவர் முறை வந்தபோது பாக்ஸ் காலியாக இருந்தது. டேவிட் அதைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். நானும் சேர்ந்துகொண்டேன். நிறுத்த முடியவில்லை. அழுகையும் அதிலேயே வந்தது.

சிஸ்டர் திரும்பி வந்து அதட்டினார். “இன்னா சத்தம் இங்க? ஆஸ்பத்திரிங்க இது!”

“சாரி சிஸ்டர்,” என்றார் டேவிட், சட்டையில் கண்ணைத் துடைத்துக்கொண்டே. “சாப்ட்டுட்டா சிஸ்டர்.”